முன்பக்க நீலப் போர்ட்டில் தடுமாறும் மவுஸ், டெலிட் தட்டியும் திறக்காத பயாஸ்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 மெமரி இரண்டு போட்டு வீட்டிலேயே கணினி சேர்த்திருக்கிறீர்கள். கீபோர்டும் மவுஸும் ஒரே டாங்கிளில் (யூஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) ஓடும் வயர்லெஸ் ஜோடி. டாங்கிளைக் கேபினெட்டின் முன்பக்க நீலப் போர்ட்டில் செருகினீர்கள். பக்கத்துப் போர்ட்டில் விண்டோஸ் 11 பென் டிரைவ். நிறுவும்போது மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தது, தட்டிய எழுத்துகளில் சில விழவே இல்லை. நிறுவி முடித்ததும் தானாகச் சரியானது. ஆனால் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் மறுபடி அதே தொல்லை. இதற்கு நடுவில், கணினி கிளம்பும்போது டெலிட் கீயை எத்தனை தடவை தட்டினாலும் பயாஸ், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரை, திறப்பதில்லை. எந்தப் போர்ட்டில் செருக வேண்டும், டிரைவர் போட வேண்டுமா, போர்டே கோளாறா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: அதே கீபோர்டு, அதே மவுஸ், ஒரு நேரம் வேலை செய்கிறது, இன்னொரு நேரம் ஏன் செய்வதில்லை?

சுருக்கமான பதில் இது. டிரைவர் எதுவும் வேண்டாம். டாங்கிளைப் பின்பக்கத்தில் கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள். முடிந்தால் ஒரு அடி, இரண்டு அடி நீளமுள்ள யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் போட்டு மேசைமேல் கொண்டுவாருங்கள். மலிவான வயர் கீபோர்டு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். மவுஸ் தடுமாறுவதும் பயாஸ் திறக்காததும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பிரச்சினைகள். ஒரே நாளில் வந்ததால் ஒன்றுபோலத் தெரிகின்றன. போர்டு கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்பதற்குத்தான் மீதிப் பதில்.

கீபோர்டைச் செருகியதிலிருந்து விண்டோஸ் திரை வரும்வரை அது மூன்று கை மாறுகிறது. முதலில் மதர்போர்டின் சொந்த மென்பொருள், அதாவது நாம் இன்னும் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்லும் யூஇஎஃப்ஐ. அடுத்து விண்டோஸ் நிறுவும் நிரல். கடைசியாக நிறுவப்பட்ட விண்டோஸ். ஒவ்வொன்றும் யூஎஸ்பியைத் தன் பாட்டுக்கு முதலிலிருந்து எழுப்பி, என்னென்ன செருகியிருக்கிறது என்று விசாரித்துக்கொள்கிறது. பயாஸுக்குத் தெரிந்த கீபோர்டு மொழி மிக எளியது: ஒரு தடவைக்கு 8 பைட், அதில் ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒரு பைட், ஒரே நேரத்தில் அழுத்திய கீ அதிகபட்சம் ஆறு. யூஎஸ்பி கீபோர்டுகள் பெரும்பாலும் இந்த மொழியையும் பேசும்படி செய்யப்பட்டவை. அதனால்தான் டிரைவர் இல்லாமலே பயாஸில் வேலை செய்கின்றன. சில கேமிங் கீபோர்டுகள் எல்லாக் கீகளையும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்காகத் தங்களை இரண்டு மூன்று சாதனங்களாகக் காட்டிக்கொள்ளும். அப்போது பழைய பயாஸ் குழம்பிப்போகும். கோர்சேர் தன் சில மாடல்களின் பின்புறத்தில் பயாஸ் என்று எழுதிய ஒரு நிலையையே சுவிட்சில் வைத்ததற்கு இதுதான் காரணம். ஆக, "கீபோர்டு வேலை செய்யவில்லை" என்று சொல்லும்போது எந்தக் கையில் இருக்கும்போது வேலை செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி மவுஸ். நீங்கள் கொடுத்த தகவல்களில் விலைமதிப்புள்ளது, பென் டிரைவிலிருந்து நிறுவி முடித்ததும் சரியானது, ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் திரும்பியது என்பதுதான். டாங்கிள் வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். யூஎஸ்பி 3 இணைப்பில் தரவு விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும்போது, வயரிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் கசியும் மின்காந்த இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. இது ஊகமில்லை, இன்டெல் 2012இல் இதைப் பற்றித் தனியாக ஒரு தொழில்நுட்ப அறிக்கையே வெளியிட்டது. இரைச்சலும் மவுஸின் சிக்னலும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் வடிகட்டிப் பிரிக்க வழியில்லை. கவசமும் இடைவெளியும்தான் மருந்து. பென் டிரைவிலிருந்து கோப்புகள் நகலாகும் நேரத்தில் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் டாங்கிளுக்குக் காது அடைத்துவிடுகிறது. நகல் முடிந்ததும் இரைச்சலும் முடிகிறது. சோதித்துப் பார்ப்பது எளிது: ஹார்டு டிஸ்க்கைச் செருகி ஒரு பெரிய கோப்பை நகலெடுக்கவிட்டு மவுஸை வட்டமாகச் சுற்றுங்கள், பிறகு டாங்கிளைப் பின்பக்க யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாற்றி அதையே செய்யுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பின்பக்கம் மாற்றினாலும் ஒரு குறை உண்டு. அங்கே டாங்கிளுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் இரும்புக் கேபினெட் நிற்கிறது. மேசைக்கு அடியில் கணினியை வைத்திருந்தால் சிக்னல் இன்னும் குறையும். அதற்காகத்தான் நீட்டிப்பு வயர் சொன்னேன். சில கம்பெனிகள் டாங்கிளோடு பெட்டியிலேயே ஒரு குட்டி வயர் வைத்துத் தருவார்கள். அதை எல்லோரும் பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறோம். வைஃபை ரவுட்டரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும், ஆனால் உங்கள் விஷயத்தில் அது முதல் சந்தேகம் இல்லை.

நீலப் போர்ட் வேகமானது, எனவே மவுஸும் வேகமாக இருக்கும் என்று நினைத்துச் செருகுபவர்கள் நிறையப் பேர். அந்தப் போர்ட்டின் உள்ளே ஒன்பது தொடுமுனைகள் உள்ளன. நான்கு பழைய யூஎஸ்பி 2.0க்கானவை, ஐந்து புதியவை. டாங்கிளும் வயர் மவுஸும் தொடுவது பழைய நான்கை மட்டும். சாதாரண கீபோர்டும் மவுஸும் பேசுவது விநாடிக்கு 1.5 மெகாபிட் அல்லது 12 மெகாபிட் வேகத்தில். அது 1996இல் வந்த முதல் யூஎஸ்பியின் வேகம். விநாடிக்கு 8000 தடவை நிலையைச் சொல்லும் விலையுயர்ந்த கேமிங் மவுஸ்கள் மட்டும் யூஎஸ்பி 2.0இன் 480 மெகாபிட் வேகத்தைக் கேட்கும். அதையும் கறுப்புப் போர்ட்டே கொடுத்துவிடும். இன்னொன்று, நிறத்தை முழுக்க நம்ப வேண்டாம். நீலம் யூஎஸ்பி 3, கறுப்பு யூஎஸ்பி 2 என்பது பரவலான பழக்கம்தான், கட்டாயமில்லை. சிவப்பு, பச்சை கலந்த நீலம் எல்லாம் ஒவ்வொரு தயாரிப்பாளரின் விருப்பம். போர்டின் கையேட்டில் பின்பக்கப் படம் இருக்கும், அதைப் பார்ப்பதுதான் சரி.

பின்பக்கத்தில் பயாஸ் அல்லது ஃபிளாஷ் என்று எழுதிய ஒரு போர்ட்டும் பக்கத்தில் ஒரு சிறு பட்டனும் இருக்கலாம். அந்தப் போர்ட்டில் கீபோர்டைத் தாராளமாகச் செருகலாம், சாதாரண நேரத்தில் அதுவும் யூஎஸ்பிதான். பட்டனை மட்டும் விளையாட்டாக அழுத்தாதீர்கள். அது பென் டிரைவிலிருந்து பயாஸைப் புதுப்பிப்பதற்கானது.

பாதி ஊதா, பாதி பச்சை நிறத்தில் வட்டமாக ஒரு துளை இருந்தால் அது பிஎஸ்/2. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்தது. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு, இரண்டும் சேர்ந்திருந்தால் ஏதாவது ஒன்றுக்கு. ஆறு ஊசி கொண்ட கனெக்டர் என்பதால் கோணம் பார்த்துச் செருக வேண்டும். திருகி அழுத்தினால் ஊசி வளையும். முக்கியமாக, கணினி ஓடும்போது இதைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. அணைத்துவிட்டுச் செருகி, பிறகு ஆன் செய்தால்தான் கண்டுகொள்ளும். யூஎஸ்பி கீபோர்டை இதில் செருக உதவும் சின்ன அடாப்டர் எல்லாக் கீபோர்டுக்கும் ஆகாது. அதற்குள் எந்த மின்னணுவும் இல்லை, வெறும் வயர் மாற்றம்தான். கீபோர்டுக்கே இரண்டு மொழியும் தெரிந்திருந்தால் மட்டும் வேலை செய்யும். பிஎஸ்/2 கீபோர்டு விளையாட்டுக்கு வேகம் என்று சொல்பவர்கள் உண்டு. கீ அழுத்தியதும் அது பிராசஸரை நேரடியாகத் தட்டி எழுப்புகிறது, யூஎஸ்பியோ கணினி கேட்கும்போது மட்டும் சொல்கிறது என்பது உண்மை. ஆனால் கீபோர்டுக்கு உள்ளேயே ஒவ்வொரு கீயையும் சரிபார்க்க ஆகும் நேரத்தின் முன் அந்த வித்தியாசம் பெரிதில்லை. இதற்காக மெனக்கெட வேண்டாம்.

கேபினெட்டில் போர்டைப் பொருத்தும்போது நடக்கும் ஒரு தவறையும் பார்த்துவிடுங்கள். பின்பக்கத் தகடு, அதாவது ஐஓ ஷீல்டு, தனியாக வரும் போர்டுகளில் அதன் மெல்லிய தகர நாக்குகள் சில உள்நோக்கி வளைந்திருக்கும். போர்டைச் சரித்து வைக்கும்போது ஒரு நாக்கு யூஎஸ்பி துளைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். அந்தப் போர்ட்டில் எதுவும் செருக முடியாது. பலம் கொடுத்துச் செருகினால் ஷார்ட் ஆகவும் கூடும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும்.

முன்பக்கப் போர்ட்டுகளின் கதை தனி. அவை போர்டில் நேரடியாக இல்லை. கேபினெட்டிலிருந்து வரும் வயர் வழியாக இணைகின்றன. நீலப் போர்ட்டுக்கான வயர் 19 பின் (ஊசி) கொண்டது, தடித்தது, வளையாதது. அதைக் கொஞ்சம் சாய்த்து அழுத்தினாலே ஹெட்டரின் (போர்டில் வயரைச் செருகும் இடம்) பின் வளைந்துவிடும். பிடுங்கும்போது பிளாஸ்டிக் கூடே கையோடு வந்துவிடுவதும் உண்டு. கறுப்பு யூஎஸ்பி 2.0 வயர் 9 பின், இரண்டு வரிசையில் பத்து இடங்கள், ஒரு மூலையில் பின் இருக்காது. முன்பக்க ஆடியோ வயரும் ஏறக்குறைய இதே தோற்றம்தான், ஆனால் அதில் பின் இல்லாத இடம் மூலையிலிருந்து ஒன்று தள்ளி இருக்கும். நுழையவில்லை என்றால் இடம் தவறு என்று அர்த்தம், பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை. ஆன் செய்ததும் யூஎஸ்பி ஓவர் கரண்ட், 15 விநாடியில் அணையும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தால் முதலில் முன்பக்க வயர்களை எல்லாம் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு ஆன் செய்யுங்கள். எச்சரிக்கை போய்விட்டால் குற்றவாளி வயரோ வளைந்த பின்னோதான். புதிதாகச் சேர்த்த கணினியில் முதல் நாள் கீபோர்டைப் பின்பக்கத்திலேயே செருகுங்கள் என்று சொல்வது இதனால்தான்; நடுவில் சந்தேகப்பட ஒரு வயர் குறைகிறது. ஹப், மானிட்டரில் இருக்கும் யூஎஸ்பி, இரண்டு கணினிக்கு ஒரு கீபோர்டை மாற்றும் பெட்டி, எதுவும் முதல் நாள் வேண்டாம்.

டெலிட் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே உறுதியாக ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. உங்கள் விவரத்துக்குப் பொருந்துவது நான்கு. முதலாவது, டிடிஆர்5 மெமரியைப் பழக்கிக்கொள்ளும் நேரம், அதாவது மெமரியோடு பிழையில்லாமல் பேசும் அமைப்பைப் போர்டு சோதித்துக் கண்டுபிடிக்கும் நேரம். ஏஎம்5 (உங்கள் பிராசஸர் உட்காரும் சாக்கெட் வகை) போர்டுகள் முதல் தடவை ஆன் ஆகும்போதும், மெமரியையோ பயாஸையோ மாற்றிய பிறகும், திரையில் ஒன்றும் காட்டாமல் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் யூஎஸ்பி இன்னும் எழுந்திருக்காது; கீபோர்டில் விளக்குகூட எரியாமல் இருக்கலாம். பலர் பயந்துபோய் பவரை நிறுத்திவிடுகிறார்கள். மறுபடி ஆன் செய்தால் மறுபடி முதலிலிருந்து பழக்கம். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும் மாடலானால் அவற்றைப் பாருங்கள். மெமரிக்கான டிராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்வரை கீபோர்டைக் குறை சொல்வதில் பயனில்லை.

இரண்டாவது, மானிட்டர். சில மானிட்டர்கள் சிக்னல் வந்து படம் காட்டுவதற்குள் மூன்று நான்கு விநாடி ஆகிவிடும். லோகோவைப் பார்த்த பிறகு தட்டலாம் என்று காத்திருந்தால் நேரம் கடந்திருக்கும். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விநாடிக்கு இரண்டு தடவை விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். அழுத்திப் பிடிப்பதைவிடத் தட்டுவது நல்லது. மூன்றாவது, வயர்லெஸ் கீபோர்டு தூங்குவது. பேட்டரியைச் சேமிக்க அது கண் மூடியிருக்கும். முதல் தட்டில் எழுந்து டாங்கிளைத் தேடிப் பிடிப்பதற்குள் பயாஸ் போய்விடும். இந்த இரண்டுக்கும் வயர் கீபோர்டு ஒன்றைப் பின்பக்கம் செருகிச் சோதிப்பதே போதும்.

நான்காவது, வேகமாகக் கிளப்பும் அமைப்பு. பயாஸில் ஃபாஸ்ட் பூட் என்று ஒன்று இருக்கும். அதில் அல்ட்ரா ஃபாஸ்ட் போன்ற கடும் நிலையைத் தேர்ந்தெடுத்திருந்தால் விண்டோஸ் வரும்வரை பயாஸ் யூஎஸ்பியை எழுப்பவே எழுப்பாது. அப்போது எந்தக் கீபோர்டைச் செருகினாலும் டெலிட் வேலை செய்யாது. இதையும் விண்டோஸில் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஷட் டவுன் செய்யும்போது கணினியின் ஒரு பகுதி நிலையை வட்டில் சேமித்துவைப்பது; அது பயாஸைத் தடுக்காது. உள்ளே போக நேர்வழி, விண்டோஸ் 11 செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் என்ற வரிசையில் போய் ரீஸ்டார்ட் நவ் கொடுப்பது. நீலத் திரை வந்ததும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ். டெலிட்டே தட்டாமல் பயாஸ் திறக்கும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தாலும் அதே நீலத் திரைதான். உள்ளே போனதும் ஃபாஸ்ட் பூட்டை நிறுத்துங்கள். லெகசி யூஎஸ்பி சப்போர்ட் என்பது எனேபிள்டாகவே இருக்கட்டும்.

விண்டோஸும் வரவில்லை, பயாஸும் திறக்கவில்லை என்றால் கடைசி வழி சிமாஸ் அழிப்பு, அதாவது சேமித்துவைத்த பயாஸ் அமைப்புகளைத் துடைப்பது. பவர் வயரைச் சுவரிலிருந்தே பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கையேடு காட்டும் இரண்டு பின்களை ஸ்குரூடிரைவர் நுனியால் பத்து விநாடி தொட்டால் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். அல்லது நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். இதில் ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் 11 உங்களுக்குச் சொல்லாமலே டிஸ்க்கைக் குறியாக்கம் செய்திருக்கலாம். பயாஸ் அமைப்புகள் மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். சிமாஸைத் தொடும் முன் அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு மெமரிப் பழக்கம் மறுபடி நடக்கும், கறுத்த திரையைப் பார்த்துப் பதறாதீர்கள்.

கேட்காததையும் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் டாங்கிளை விட்டுவிட்டு புளூடூத்துக்கு மாறலாமா என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். புளூடூத் கீபோர்டு அனேகமாக எந்தப் பயாஸிலும் வேலை செய்யாது. விண்டோஸ் எழுந்து அதன் புளூடூத் டிரைவரும் எழுந்த பிறகுதான் அதற்கு உயிர். டாங்கிள் அப்படியில்லை. கணினியின் பார்வையில் டாங்கிள் ஒரு வயர் கீபோர்டுதான். ஜோடி சேர்த்த விவரம் டாங்கிளுக்குள்ளேயே இருக்கிறது. வைஃபை, புளூடூத் உள்ள போர்டு என்றால் பின்பக்கம் ஆன்டெனாவைத் திருகி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வைஃபை வேண்டாம், லேன் வயர் இருக்கிறதே என்று ஆன்டெனாவைப் பெட்டியிலேயே விட்டவர்களின் புளூடூத் மவுஸ் ஒரு மீட்டருக்குள்ளேயே திணறும். இரண்டுக்கும் ஆன்டெனா அதுதான். பிசிஐஇ துளையில் தனியாக வைஃபை கார்டு போட்டவர்களுக்கு இன்னொரு பொறி: கார்டிலிருந்து ஒரு சின்ன வயரை போர்டின் 9 பின் யூஎஸ்பி 2.0 ஹெட்டரில் செருக வேண்டும். செருகாவிட்டால் வைஃபை ஓடும், புளூடூத் மட்டும் இருக்காது. புளூடூத் அந்த யூஎஸ்பி வழியாகத்தான் பேசுகிறது.

விளக்கு எரிகிறது, எழுத்து விழவில்லை என்ற நிலை வந்தால் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். அந்த விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றுவதில்லை. கணினி பதில் சொன்னால்தான் எரியும். எரிந்து அணைந்தால் போர்ட், வயர், பயாஸ் எல்லாம் சரி, பிரச்சினை மென்பொருளில். எரியவே இல்லை என்றால் பேச்சுவார்த்தையே நடக்கவில்லை. வண்ண விளக்குகள் இதற்குச் சாட்சி ஆகாது. அவை 5 வோல்ட் கிடைத்தாலே எரியும், கணினி அணைந்த பிறகும் எரிந்துகொண்டிருப்பது அதனால்தான். வயரைக் கழற்றி மாற்றும் டைப்-சி கீபோர்டானால் சார்ஜ் மட்டும் ஏற்றும் வயரை மாற்றிப் போட்டிருக்கலாம். அதில் தரவுக்கான இழைகளே இருக்காது. வயர்லெஸ்ஸில் அடிப்பக்கச் சுவிட்ச், பேட்டரிக்கு இடையே விட்டுவைத்த பிளாஸ்டிக் நாடா, புளூடூத் நிலையில் இருக்கும் பொத்தான் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஒரு கம்பெனியின் டாங்கிள் அதே கம்பெனியின் எல்லாவற்றுக்கும் ஆகும் என்றும் நினைக்க வேண்டாம். லாஜிடெக்கின் யூனிஃபையிங் டாங்கிளில் ஆறு சாதனம்வரை சேர்க்கலாம், ஆனால் 2021இல் வந்த போல்ட் வகை அதோடு சேராது.

விண்டோஸுக்குள் மட்டும் தகராறு என்றால் சில சின்ன விஷயங்கள். வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு விநாடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதி கேட்டு ஒரு பெட்டி வரும்; தெரியாமல் ஆம் என்று சொல்லிவிட்டால் வேகமாகத் தட்டும் எழுத்துகள் விழாது. கீபோர்டே போய்விட்டது என்று மாற்றி வாங்கியவர்கள் உண்டு. ஷிஃப்ட்டும் 2உம் அழுத்தினால் அட் குறிக்குப் பதில் மேற்கோள் குறி விழுந்தால் கீபோர்டு சரி, நிறுவும்போது பிரிட்டன் அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். மவுஸ் மட்டும் செத்துவிட்டால் இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் (Num Lock) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எண் கீகளாலேயே அம்பை நகர்த்தலாம். டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பை அன்இன்ஸ்டால் செய்யச் சொல்லும் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்யாதீர்கள்; கீபோர்டும் மவுஸும் அந்த ஹப்பில்தான் தொங்குகின்றன, பட்டனை அழுத்திய மறுகணம் இரண்டும் போய்விடும். பெரும்பாலும் பவரை அணைத்துப் போட்டால் திரும்பிவிடும், ஆனாலும் தேவையில்லாத வேலை.

தேடும்போது உங்களுக்குக் கிடைத்திருக்கும் பழைய பதில்களில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நிறுவும் பென் டிரைவுக்குள் யூஎஸ்பி 3 டிரைவரைச் சேர்க்க வேண்டும் என்பது விண்டோஸ் 7க்கானது. அதில் அந்த டிரைவர் இல்லை. 2015இல் வந்த இன்டெலின் ஆறாம் தலைமுறைப் போர்டுகளிலிருந்து பழைய வகை யூஎஸ்பி கட்டுப்பாட்டுச் சில்லு நீக்கப்பட்டதால், பயாஸில் ஓடிய கீபோர்டு நிறுவும் திரையில் செத்துக் கிடந்தது. விண்டோஸ் 8 முதல் டிரைவர் உள்ளேயே வருகிறது. அதுபோல யூஎஸ்பி திடீரென்று துண்டித்து இணைவது ஏஎம்டி கோளாறு என்ற பேச்சு, பெரும்பாலும் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4இன் 500 வரிசைப் போர்டுகளைப் பற்றியது. 2021இல் ஏஎம்டி அதை ஒப்புக்கொண்டு, அகீசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை நிரல்) 1.2.0.2 கொண்ட பயாஸ் புதுப்பிப்பில் திருத்தம் கொடுத்தது. உங்கள் பி650 வேறு தலைமுறை. இருந்தாலும் பயாஸைப் புதுப்பித்து வைப்பது ஏஎம்5இல் மெமரிப் பழக்க நேரத்தைக் குறைக்கவாவது உதவும்.

போர்டே குற்றவாளி என்று எப்போது சந்தேகிக்கலாம்? வயர் மவுஸ், பின்பக்கப் போர்ட், இரைச்சலுக்கு வழியே இல்லை, அப்படியும் குறிப்பிட்ட சில போர்ட்டுகள் மட்டும் பயாஸிலும் விண்டோஸிலும் ஒருசேரச் செத்திருந்தால். இந்தப் போர்டுகளில் சில யூஎஸ்பி போர்ட்டுகள் நேரடியாகப் பிராசஸரிலிருந்து வருகின்றன, மற்றவை போர்டில் உள்ள சிப்செட் என்ற சில்லிலிருந்து. ஏஎம்5இல் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன, மொத்தம் 1718. பிராசஸரை வைக்கும்போது ஒன்று இரண்டு வளைந்திருந்தால் கணினி ஓடும், ஓரிரு யூஎஸ்பி போர்ட் மட்டும் ஓடாது. ஆனால் அதைப் பார்க்க கூலரையும் பிராசஸரையும் கழற்ற வேண்டும். வெறும் சந்தேகத்துக்காக இப்போது கழற்றாதீர்கள், மேலே சொன்னது எல்லாம் பார்த்த பிறகு போதும். கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுருக்கென்று அடிக்கிறது என்றால் அது யூஎஸ்பி பிரச்சினை இல்லை, சுவர் சாக்கெட்டில் எர்த் இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டாங்கிளை மாற்றி, வயர் கீபோர்டில் டெலிட்டும் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். போர்டின் முழு மாடல் பெயர், பயாஸ் பதிப்பு எண், டெலிட் வேலை செய்யாதபோது அந்த நான்கு விளக்குகளில் எது எரிகிறது என்ற மூன்றும் இருந்தால் அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்ல முடியும்.